இரண்டாவது இழுப்பு

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வீட்டில் ஏழாம் பொருத்தம். முட்டை வேக எத்தனை நிமிடம் என்பதில் தொடங்கி, மழை நாளில் ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்பது வரை எதிலும் ஒத்துப்போனது கிடையாது. ஆனால் காலை எட்டு மணிக்குச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் நுழைந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றுவிட்டால் போதும். இவர்களா அடுப்படியில் அப்படிக் கத்திக்கொண்டார்கள் என்று சந்தேகம் வந்துவிடும்.

அது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடம். முன்பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் துவைத்துப் பிழிந்து உலர்த்தித் தள்ளும். பின்பக்கம் மடிப்புக்கூடம். தகரக் கூரை. இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்றுதான் சுற்றும். சுற்றுகிற விசிறிக்குக் கீழே யார் நிற்பது என்று வாரா வாரம் சண்டை வரும். படுக்கை விரிப்புகள் சூடு ஆறாமல் கூடை கூடையாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்த விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. மடித்தால் ஏதாவது ஒரு நுனி தரையைத் தொடும். தரையைத் தொட்டது மறுபடி துவைக்கப் போக வேண்டும். சூப்பர்வைசர் கண்கொத்திப் பாம்பாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அங்கே வேலைக்கு வருபவர்கள் ஜோடியாகத்தான் வருவார்கள். மொத்தம் ஐந்து ஜோடி.

ஆளுக்கு இரண்டு நுனி. ஒரு உதறல். முதல் இழுப்பு பலமாக, சுருக்கம் போக. நுனிகளை ஒன்று சேர்த்து நீளவாக்கில் ஒரு மடிப்பு. அப்புறம் இரண்டாவது இழுப்பு. அது சின்னது, மணிக்கட்டால் மட்டும். அது எதற்கு என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. அது வந்ததும் இருவரும் ஆளுக்கு இரண்டு எட்டு நடந்து நடுவில் சந்திப்பார்கள். நாத்தனார் பாப்பா தன் நுனிகளை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போவாள். மறுபடி இழுப்பு, மறுபடி நடை. பேச்சும் அதே கணக்கில்தான். சந்திக்கும்போது ஒரு வாக்கியம், பிரியும்போது அதற்குப் பதில் யோசனை.

"உங்க அண்ணன் நேத்து என்ன பண்ணார் தெரியுமா?"

இரண்டு எட்டு பின்னால். இரண்டு எட்டு முன்னால்.

"சொல்லித் தொலைங்க அண்ணி. அடுத்த ஷீட்டு வரைக்கும் காத்திருக்க முடியாது."

"குடையை பேக்கரியில விட்டுட்டு, அடுத்தவன் குடையை எடுத்துட்டு வந்திருக்கார். அது கிழிஞ்ச குடை."

பாப்பா சிரித்தால் விரிப்பு குலுங்கும். பதினோரு வருடம் இப்படித்தான் போயிற்று.

நாற்பத்தொரு வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். கல்யாணம் மூன்று வருடத்தில் முறிந்து, ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் பேக்கரியில் மாவு பிசைபவர். விடிவதற்கு முன் போய் மத்தியானம் திரும்புவார். வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். பெண்களின் சண்டைக்கு நடுவே மாட்டாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. தங்கை வந்த முதல் வாரமே அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவள் அண்ணிதான். "இங்க சும்மா உட்கார்ந்து சாப்பிட்டா உனக்கும் இறங்காது, எனக்கும் இறங்காது. நாளைக்கு என்கூட வா" என்று மடிப்புக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதைவிடப் பெரிய மரியாதையை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் செய்ததில்லை.

அண்ணியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் ரோபோ குழுவுக்குத் தலைவி. ஆறு பேர், ஒரு பழைய சாமான் அறை, டீச்சர் ஒருத்தி. வருடா வருடம் போட்டி. ரோபோ ஓடினால் மட்டும் போதாது, ஊராருக்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். அதற்குத் தனிப் பரிசு. போன வருடம் இவர்கள் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து பொம்மைக் கார் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நடுவர்கள் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரிந்ததைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வரி மகளுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. நல்ல எண்ணம்தான். இந்தக் கதையில் கெட்ட எண்ணம் உள்ளவர் யாரும் கிடையாது. அதனால்தான் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அவர்கள் செய்த இயந்திரம் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஒரு கம்பம், அதில் இரண்டு கைகள், கையின் நுனியில் ரப்பர் வைத்த கவ்வி. விரிப்பின் இரண்டு மூலைகளை அது பிடித்துக்கொள்ளும். எதிரே ஓர் ஆள் நின்று மடிக்கலாம். கையைத் தூக்கி உதறும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும், தோளுக்கு வேலை பாதி. சனிக்கிழமைகளில் அரை நாள் மட்டும் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சூப்பர்வைசர் அனுமதி கொடுத்தார். முதல் சனிக்கிழமை இருபது விரிப்பு போட்டார்கள். இருபதும் தரையில் விழுந்தன.

"சென்சார் சரியாத்தான் இருக்கு. ஆன்ட்டி இழுத்ததும் விடுது. விடணும்னுதானே எழுதியிருக்கேன்" என்றான் சோடாபுட்டி. கண்ணாடி தடியாக இருந்ததால் அந்தப் பெயர். நிரல் எழுதுவது அவன் வேலை.

"நான் என்னடா பண்ணேன், வழக்கமா இழுக்கற மாதிரிதானே இழுத்தேன்?" என்றாள் அண்ணி. இருபது விரிப்பையும் பொறுக்கித் துவைக்க அனுப்பியதில் அவளுக்கு எரிச்சல்.

பாப்பா ஓரமாக நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வாய் நிறைய ரொட்டியோடு, "அது முதல் இழுப்புக்கே விட்டுடுது. அதுக்கு விடக் கூடாது கண்ணு" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எதுக்கு விடணும் ஆன்ட்டி?"

"ரெண்டாவதுக்கு."

"ரெண்டாவதா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கே. எங்க அண்ணி முதல்ல பலமா இழுப்பாங்க, சுருக்கத்துக்கு. அப்ப நான் விடாப்பிடியா நிக்கணும். அப்புறம் சின்னதா ஒண்ணு. அது..." அவள் ரொட்டியை விழுங்கினாள். அந்த நிமிடத்தில்தான் அவளும் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். "அது நான் கிளம்பறேன், நீயும் வான்னு சொல்றது. அப்பதான் பிடியைத் தளர்த்தணும்."

சோடாபுட்டி நோட்டை எடுத்தான். "எவ்வளவு சின்னதா?"

"அதை வாயால எப்படிச் சொல்றது? கையைக் கொடு."

அடுத்த மூன்று சனிக்கிழமையும் பாப்பாவின் இரண்டு மணிக்கட்டிலும் சென்சார் பட்டை கட்டினார்கள். அவள் அண்ணியோடு முந்நூறு விரிப்பு மடித்தாள். ஒவ்வொரு இழுப்பும் கணினித் திரையில் கோடாக ஏறி இறங்கிற்று. பெரிய கோடு, சின்னக் கோடு. "பாருங்கண்ணி, என் கை எப்படி எழுதுது!" என்று அவளுக்கு வாய் கொள்ளாத பெருமை. பிள்ளைகளுக்குத் தன் கூலியில் முட்டை வாங்கி அவித்துக் கொண்டுவருவாள். கவ்வியின் ரப்பர் வழுக்குகிறது என்று அவள்தான் சொன்னாள். ஈரத் துணிக்கு ஒரு பிடி, காய்ந்த துணிக்கு ஒரு பிடி என்று அவள்தான் பிரித்துக் காட்டினாள். நான்காம் சனிக்கிழமை நூறு விரிப்பு போட்டதில் ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை.

குழு அவளுக்கு ஒரு பச்சை டீ-ஷர்ட் கொடுத்தது. ஆறு பேரும் போடுகிற அதே சட்டை. முதுகில் "வழிகாட்டி" என்று கொட்டை எழுத்து. அவள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் முதுகைக் காட்டியபடியே நடந்தாள் என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

முதலாளி ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து விரிப்பு வரை நின்று பார்த்தார். மகளின் தலையைத் தட்டி, "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். பள்ளிக்கூடம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். இயந்திரம் அன்றிலிருந்து எல்லா நாளும் ஓடிற்று. இரண்டு வாரம் பாப்பா அதற்குப் பக்கத்தில் நின்று, சிக்கினால் எடுத்துவிட்டாள். அது சிக்கவில்லை. மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார்.

"மாசம் முடியற வரைக்கும் வாம்மா. அப்புறம் வேற ஏதாவது பிரிவுல ஆள் வேணும்னா சொல்லி அனுப்பறோம்."

"என்ன சார் சொல்றீங்க?"

"நான் என்ன பண்றது? அந்தப் பக்கத்துக்குத்தான் மெஷின் வந்துடுச்சே."

அது உண்மை. கம்பத்தை அவர்கள் நட்டிருந்தது சரியாக அவள் பதினோரு வருடம் நின்ற இடத்தில். தரையில் அவள் செருப்பு தேய்த்த பளபளப்புக்கு மேலேயே.

வீட்டில் அன்று யாரும் விளக்கைப் போடக்கூட எழுந்திருக்கவில்லை. வெளியே தூறல். அண்ணன் மேசையில் கிடந்த ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பிய்த்துக் குவித்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை.

"முதலாளிகிட்ட நான் போய்ப் பேசறேன்" என்றார்.

"என்னன்னு பேசுவீங்க?" என்றாள் அண்ணி.

"பதினோரு வருஷம் வேலை பார்த்தவ..."

"அதான் தெரியுமே அவருக்கு. தெரியாமலா அனுப்பறார்?"

"அப்ப நீயும் வர மாட்டேன்னு சொல்லிடு. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா..."

"ஏன், இந்த வீடு ஓட வேண்டாமா?" என்றாள் பாப்பா. "நானும் வேலை இல்லாம, அண்ணியும் வேலை இல்லாம, நீ பிசையற மாவை மூணு பேரும் நக்கிக்கிட்டு உட்காரலாமா? பேசறான் பேச்சு."

மகள் சுவரோரமாக நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. "அத்தை, நான் மெஷினைத் திருப்பி எடுத்துட்டு வந்துடறேன். நாளைக்கே. அது எங்க மெஷின்தானே?"

பாப்பா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு நிமிடம் ஆசை வந்து போயிற்று. அதை அண்ணியும் கவனித்தாள். "முடியுமா கண்ணு?" என்றாள் பாப்பா மெதுவாக.

முடியவில்லை. மறுநாள் டீச்சர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். மூன்றாவது பத்தி: இயந்திரம் நிரந்தர நன்கொடை, பள்ளி எந்தக் காரணத்துக்காகவும் அதைத் திரும்பக் கேட்காது. முதலாளி கேட்டு எழுதியதல்ல அது. அவருக்கு அப்படி ஒன்று கேட்கலாம் என்றே தெரியாது. போட்டி முடிந்ததும் பொருளைப் பிடுங்கிக்கொண்டு போகும் குழுக்கள் உண்டு, நாம் அப்படி இருக்கக் கூடாது, நிலைத்து நிற்கும் உதவிக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று பிள்ளைகளே கூடிப் பேசிச் சேர்த்த பத்தி. மகளின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"டீச்சர், அப்போ நடுவர்கள்கிட்ட சொல்லிடலாம். இதனால ஒருத்தங்க வேலை போச்சுன்னு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மகள் போனில் சொன்னதிலிருந்து அவளும் தூங்கவில்லை. "சொல்லலாம். நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சொன்னா நம்ம அறிக்கை குப்பைக்குப் போகும். மத்த அஞ்சு பேர்ல ரெண்டு பேர் இந்தப் பரிசை வச்சுத்தான் காலேஜுக்கு எழுதியிருக்காங்க. அவங்க அம்மா அப்பாகிட்ட நீயே பேசறியா? பேசினாலும் மெஷின் அங்கேதான் இருக்கும். உங்க அத்தைக்கு வேலை திரும்பி வரும்னா சொல்லு, இப்பவே ரெண்டு பேரும் போய் சொல்லுவோம்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் மகளுக்கு அவள் எழுதிய தாள்தான் சுவராக நின்றது.

சோடாபுட்டிதான் வேறு வழி சொன்னான். சாமான் அறையின் மூலையில், குரலைத் தாழ்த்தி. "ஒரே ஒரு வரி. ரெண்டாவது இழுப்பை எடுத்துட்டா போதும். பழையபடி எல்லாம் கீழே விழும். பழுதாயிடுச்சுன்னு ஒரு மாசத்துல தூக்கி ஓரமா வச்சுடுவாங்க. நடுவர் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் பண்ணலாம். யாருக்கும் தெரியாது."

மகள் அதை வீட்டில் வந்து சொன்னாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தையிடம் மட்டும். இப்போதெல்லாம் வீட்டு வேலை முழுவதும் பாப்பாதான். மாதம் முடிந்துவிட்டிருந்தது.

பாப்பா கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் எடுத்தாள்.

"அப்புறம் ஷீட்டு கீழே விழுந்தா யாரைத் திட்டுவாங்க?"

"மெஷினை."

"மெஷினைத் திட்டினா அதுக்கு உறைக்குமா? உங்க அம்மாவைத்தான் திட்டுவாங்க. ஒரு நாளைக்கு முந்நூறு ஷீட்டு. முந்நூறும் திரும்பத் துவைக்கப் போனா அவங்களை எத்தனை நாள் வச்சிருப்பாங்க?"

பாப்பா கிளிப்பைக் கொடியில் மாட்டினாள்.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட எதையும் கத்துக்கிட்டது கிடையாது. உங்க மாமா வீட்டுல இருந்த மூணு வருஷம், கதவைச் சாத்தற விதத்துக்குக்கூட எனக்குப் பாடம் நடந்துச்சு. அந்தக் கம்பம்தான் நான் சொன்னதைக் கேட்டுது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன், சரி. அதுக்காக நான் சொல்லிக் கொடுத்ததை அழிக்கணுமா?" திரும்பிக்கொண்டு ஈரத் துணியைத் தேவைக்கு மேல் உதறினாள்.

வேலை தேடாமல் இல்லை. இரண்டு ஹோட்டல் சலவைக்கூடம், ஒரு தையல்கூடம், ஒரு அச்சகம். எல்லா இடத்திலும் ஜோடி இருக்கிறதா என்றோ, வயது என்ன என்றோ கேட்டார்கள். திரும்பி வந்து பாத்திரம் கழுவினாள். அண்ணி சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தரை துடைத்திருக்கும், டீ கொதித்துக்கொண்டிருக்கும். முட்டை அண்ணி சொல்லும் ஏழு நிமிடக் கணக்குப்படியே வெந்திருக்கும்.

அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

"ஏண்டி, ஒன்பது நிமிஷம்னுதானே நீ சண்டை போடுவே?"

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே இருக்கட்டும் அண்ணி."

"ஜன்னலை ஏன் சாத்தியிருக்கே?"

"நீங்கதானே சாத்தச் சொல்வீங்க."

அண்ணி போய் ஜன்னலைப் படாரென்று திறந்தாள். மழைச் சாரல் உள்ளே அடித்தது. பாப்பா துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். அண்ணன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். சண்டை நடந்த காலத்தில் அவருக்கு நன்றாகத் தூக்கம் வரும். இந்த அமைதியில் வரவில்லை.

மடிப்புக்கூடத்திலும் அண்ணிக்கு நிம்மதி இல்லை. இயந்திரத்தோடு யாரிடம் பேசுவது? பக்கத்து ஜோடிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும், எல்லோரிலும் மூத்தவள், கூடையைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டாள்.

"உன் பொண்ணு அடுத்தது எந்த மேசைக்குச் செய்யறா? சொல்லிட்டா நாங்களும் வேற இடம் பார்த்துக்குவோம்."

"அவ குழந்தைக்கா. தெரியாம பண்ணிட்டா."

"தெரியும். என் மருமககூட அதையேதான் சொல்றா, நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணாங்கன்னு. நல்லதுக்கே இப்படின்னா, கெட்டதுக்குச் செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அண்ணி விரிப்பின் பக்கம் திரும்பினாள். இயந்திரம் உதறி முடித்துக் காத்திருந்தது. அது நடக்காது. அதனால் இரண்டாவது இழுப்பு கொடுத்துவிட்டு நான்கு எட்டும் அவளே நடக்க வேண்டும், நான்கு எட்டும் அவளே திரும்ப வேண்டும். தோள்வலி குறைந்துவிட்டது. பொய் இல்லை. முழங்கால் வலிக்க ஆரம்பித்திருந்தது.

நடுவர்கள் வரும் வியாழக்கிழமைக்கு முந்தின நாள் முதலாளியே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பாப்பாவும் நாளைக்கு வர வேண்டும், அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

"போகாதே" என்றாள் அண்ணி. "அந்த ஆளுக்கு என்ன துணிச்சல் இருந்தா..."

"அத்தை, வேண்டாம்" என்றாள் மகள். "நீங்க வந்தா நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன். சத்தியமா சொல்லிடுவேன்."

பாப்பா பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். "என் பேரை அறிக்கையில எழுதியிருக்கீங்கல்ல? அந்த ஆள் எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்க? செத்துட்டான்னா?"

வியாழக்கிழமை நல்ல வெயில். கூரைத் தகரம் டப் டப்பென்று விரிந்துகொண்டிருந்தது. அன்று மட்டும் இரண்டு விசிறியும் சுற்றின. நடுவர்கள் இரண்டு பேர், ஓர் அம்மாள், ஓர் இளைஞன். கழுத்தில் அட்டை, கையில் தாள். ஆறு பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். அண்ணி பத்து விரிப்பு மடித்துக் காட்டினாள். பத்தும் மூலைக்கு மூலை பிசகாமல் வந்தன.

"இந்த மெஷின் வந்ததுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன மாறியிருக்கு?" என்றாள் நடுவர் அம்மாள். நல்லவள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தோள்வலி குறைஞ்சிருக்குங்க."

"வேற?"

அண்ணி மகளைப் பார்த்தாள். முதலாளி கையைப் பின்னால் கட்டியிருந்தார். பக்கத்து மேசைக்காரி விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று நின்றாள். வாய்வரை வந்தது. மகள், வேலை, வீடு, பாப்பா, எதைச் சொன்னாலும் இன்னொன்று போகும்.

"வேற ஒண்ணும் இல்லீங்க."

நடுவர் அம்மாள் எழுதிக்கொண்டாள். பச்சைச் சட்டையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "நீங்கதான் வழிகாட்டியா? ரெண்டு இழுப்பு விஷயத்தைக் கண்டுபிடிச்சது நீங்கதான்னு படிச்சேன். அதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. இப்ப நீங்க எந்தப் பிரிவுல இருக்கீங்க?"

மகள் வாயைத் திறந்தாள். "மேடம், எங்க அத்தை..."

"நான் இப்ப வீட்டுல இருக்கேங்க" என்றாள் பாப்பா, அவள் பேச்சை வெட்டி. சிரித்துக்கொண்டே சொன்னாள். "வருஷக்கணக்கா நின்னாச்சு. கொஞ்சம் உட்காரலாமேன்னு நானாத்தான் நின்னுட்டேன்."

"நல்ல முடிவு" என்றாள் நடுவர் அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிதான் உரக்கச் சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் காலணியில் விழுந்தது. பெருமிதத்தில் அழுகிறாள் என்று இளைஞன் புகைப்படம் எடுத்துக்கொண்டான்.

பரிசு கிடைத்தது. இரண்டு மாணவர்களுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. மகள் கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, சாமான் அறையிலேயே வைத்துவிட்டாள். அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, சலவைக்கூடத்தின் முன்வாசலில் மாட்டியிருக்கிறார்கள். அண்ணி பின்வாசல் வழியாகப் போவதால் அதைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது இயந்திரத்துக்கு முதலாளியே வெளியில் ஆள் பிடித்துவிட்டார் என்று பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டு விரிப்புகள் மாடிக் கொடியில் காய்ந்து கிடந்தன. பாப்பா ஒன்றை உருவித் தனியாக மடிக்கப் பார்த்தாள். ஒரு நுனி தரையைத் தொட்டது. படியேறி வந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டாள்.

"கொடு இப்படி."

எதிரெதிரே நின்றார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு. ஆளுக்கு இரண்டு நுனி. உதறினார்கள். அண்ணி பலமாக இழுத்தாள், பாப்பா விடாப்பிடியாக நின்றாள். சுருக்கம் போயிற்று. நீளவாக்கில் மடித்தார்கள். அண்ணி மணிக்கட்டைச் சின்னதாக இழுத்தாள். பாப்பா முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. முதல் எட்டு வைத்தாள்.

அதற்குள் அண்ணி கிட்டத்தட்ட முழுத் தூரமும் வந்துவிட்டிருந்தாள். தலை குனிந்து, விறுவிறுவென்று, எதிரே யாரும் வர மாட்டார்கள் என்கிற நடை. இருவரும் முட்டிக்கொண்டார்கள். விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தன் காலைப் பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

பாப்பா குனிந்து விரிப்பை எடுத்தாள். மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"பாதி தூரம் நான் வருவேன்ல, அண்ணி."